வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் செய்யும் தவறுகள்

"ஏனுங்ணா, வண்டி லேசா லெஃப்ட்ல இழுக்குதுங்க" என்று டயர் கடையில் சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அலைன்மென்ட் பண்ணீர்லாங்க." வண்டி மெஷினில் ஏறும். திரையில் எல்லாம் பச்சையாக மாறும். பில்லும் வரும். அடுத்த வாரம் அவிநாசி ரோட்டில் போகும்போது அதே இழுப்பு அப்படியே இருக்கும்.

அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டால் வண்டி இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழுப்புக்கு உள்ள காரணங்களில் அது ஒன்றுதான். டயரில் காத்து, டயரின் உள்கட்டு, பிரேக், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ரோட்டின் சரிவு, வெளியே அடிக்கிற காற்று என்று இன்னும் பல உண்டு. எப்போது இழுக்கிறது, எங்கே இழுக்கிறது, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதா பிரேக் பிடிக்கும்போதா என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. அதைக் கவனிக்காமல் மெஷினில் ஏற்றுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவை.

ரோட்டையும் காற்றையும் கணக்கில் எடுக்காதது

மழைநீர் வடிவதற்காக எந்த ரோடும் ஓரம் பார்த்துச் சரிவாகத்தான் போடப்படுகிறது. தார் ரோட்டில் இது 100 மீட்டருக்கு 2 முதல் 2.5 மீட்டர் வரை இருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், சரிவும் இடது பக்கம்தான். ஆகவே நல்ல வண்டியும் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் மெதுவாக இடது ஓரம் நோக்கித்தான் நகரும். அது கோளாறு இல்லை. இந்தச் சரிவிலும் வண்டி வலது பக்கம் போகிறது என்றால்தான் உடனே கவனிக்க வேண்டும்.

"போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டேன், ரெண்டு தடவையும் லெஃப்ட்தான், அப்போ வண்டியிலதான் கோளாறு" என்று சொல்பவர்கள் நிறைய. திரும்பி வரும்போதும் நீங்கள் ரோட்டின் இடது பக்கம்தான் இருக்கிறீர்கள், சரிவும் இடதுதான். நான்கு வழிச் சாலையிலும் நேரான பகுதிகளில் பொதுவாக ஒவ்வொரு பாதையும் நடுத்திட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்கும். எனவே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் எத்தனை முறை போய்வந்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. வளைவுகளில் ரோட்டை வேண்டுமென்றே உள்பக்கம் சாய்த்திருப்பார்கள், அங்கே பார்ப்பதும் வீண். சமதளமான கான்கிரீட் தளமோ, பெரிய காலி மைதானமோ வேண்டும். அது கிடைக்காவிட்டால், எதிரே வருவது தூரத்திலேயே தெரிகிற, ஆளில்லாத கிராமத்து ரோட்டின் நடு மேட்டில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது காற்று. இது நம்ம பக்கத்துக்கே உரிய குழப்பம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்துத் தள்ளும். அதை நம்பித்தான் அங்கே இவ்வளவு காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், ஆயிரம் கிலோ ஹேட்ச்பேக் எந்த மூலைக்கு?

கோவை–பொள்ளாச்சி ரோடும் உடுமலை–பல்லடம் ரோடும் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகின்றன. காற்று மேற்கிலிருந்து வருகிறது. கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும்போது மேற்கு உங்கள் வலது கைப்பக்கம். காற்று இடது பக்கம் தள்ளும், ரோட்டின் சரிவும் இடது பக்கம், இரண்டும் சேர்ந்துகொள்ளும். திரும்பும்போது காற்று இடதிலிருந்து வலது பக்கம் தள்ளும், சரிவு இடது பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, வண்டி அம்பு மாதிரி நேராக வரும். "பொள்ளாச்சி போறப்ப இழுக்குது, வர்றப்ப சரியாயிடுது" என்று ஒருவர் ஆடி மாதத்தில் சொன்னால் வண்டியைத் திறக்கவே வேண்டாம். காற்று எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலையைப் பாருங்கள். அதன் இறக்கைகள் பார்க்கிற திசையிலிருந்துதான் காற்று வருகிறது. சோதனை ஓட்டத்தைக் காற்று அடங்கியிருக்கிற விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

இதில் இன்னொன்று: இழுப்பைப் பார்க்கிறேன் என்று நெடுஞ்சாலையில் கையை முழுசாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். விரல் நுனிகள் ஸ்டியரிங்கைத் தொட்டபடி இருந்தாலே இழுப்பு தெரியும்.

கோணல் ஸ்டியரிங்கை இழுப்பு என்று நினைப்பது

வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் மட்டும் சற்றுத் திரும்பி நிற்கிறது. இது இழுப்பு இல்லை. டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இரண்டு பக்கமும் சமமாகத் திருகப்படாமல் இருக்கலாம், அல்லது பின்சக்கரங்கள் லேசாக ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதற்கு அலைன்மென்ட்தான் சரியான வைத்தியம். அதேபோல, 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) விஷயம். பேலன்ஸிங் செய்து இழுப்பு போகாது.

டயரைச் சூடாக வைத்துக் காத்து பார்ப்பது

ஒரு முன்டயரில் மட்டும் காத்து குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது, இதைவிட அதிகமாக விட்டுவிடப்படுகிற காரணமும் கிடையாது. பார்ப்பவர்களும் 20 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் பங்க்கில் பார்க்கிறார்கள். ஓடிய டயரில் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். நிறுத்திவைத்த வண்டியிலும், கத்திரி வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்திருந்தால் அந்தப் பக்கத்து டயர்கள் ஒன்றிரண்டு அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து "சமப்படுத்தினால்" ஆறிய பிறகு அந்தப் பக்கம் குறைவாகிவிடும். காலையில், வண்டி எடுப்பதற்கு முன், சொந்த கேஜில் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது.

முன்டயர்களை மாற்றிப் பார்க்காதது

செலவே இல்லாத சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை. ரேடியல் டயர் தயாராகும்போது உள்ளே பெல்ட் (ரப்பருக்குள் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை) கொஞ்சம் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டால், அந்த டயர் உருளும்போது ஒரு பக்கமே போகப் பார்க்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. புது டயரிலும் இது வரும். "போன மாசம்தான் டயர் போட்டேன், டயரா இருக்காது" என்பது தப்பான கணக்கு. டயர் போட்ட நாளிலிருந்து இழுக்கிறதென்றால் முதல் சந்தேகமே டயர்மேல்தான்.

முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களை இடம் மாற்றி மாட்டி, அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் காரணம் டயர். இழுப்பு அப்படியே இருந்தால் அலைன்மென்ட்டையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இப்படிப் பக்கம் மாற்றாமல், அதே பக்கத்து முன், பின் சக்கரங்களை மாற்றிப் பார்க்கலாம். முன்னால் ஒரு பக்கம் ஒரு பிராண்டு, மறுபக்கம் வேறு பிராண்டு, அல்லது ஒன்று புதிது மற்றது தேய்ந்தது என்று ஓட்டினாலும் இழுக்கும். பஞ்சருக்கு ஸ்டெப்னி மாட்டி அப்படியே மறந்துபோன வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பிரேக்கை மறப்பது

காலையில் கிளம்பும்போது நேராகப் போகிறது, போகப் போக இழுப்பு கூடுகிறது. இது அலைன்மென்ட்டின் குணம் இல்லை, அது ஓட ஓட மாறாது. ஒரு காலிப்பர் (பிரேக் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்று அர்த்தம். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு காளை மட்டும் நடையைத் தளர்த்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்புமே, அதே கதை.

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்கைத் தொடக் கூடாது, தோல் கழன்றுவிடும். இரண்டு முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் தெளிவாக அதிகச் சூடாக இருந்தால், கருகல் வாடை வந்தால், விடை கிடைத்துவிட்டது. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆழியாறு வந்த கையோடு இதைச் செய்யாதீர்கள், அப்போது எல்லாச் சக்கரமும் கொதிக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பலரும் இழுக்கிற பக்கத்தைப் பிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம்தான் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது. எதிர்ப்பக்கம் பிடிக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மழையில் ஒரு திடீர் பிரேக் போதும், வண்டி சுற்றிவிடும்.

பச்சையைப் பார்த்து நம்புவது

இதற்கெல்லாம் பிறகுதான் அலைன்மென்ட். அதற்கு முன்பும் ஜாக்கி போட்டு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆட்டம் உள்ள வண்டியில் வைத்த அளவு அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும்தான். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று போகும் வண்டியில் புஷ் போயிருக்கும்.

மெஷின் காட்டும் மூன்று அளவுகளில் பெரும்பாலான கடைகள் திருத்துவது டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். முன்சக்கரங்களின் டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணும். தொடர்ந்து ஒரு பக்கம் இழுப்பதற்கு அது காரணமாக இருப்பது குறைவு. இழுப்பவை கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு). அதுவும் இடது வலது வித்தியாசம்தான் இழுக்கும். இடது சக்கரம் அனுமதித்த எல்லையின் ஒரு முனையிலும் வலது சக்கரம் மறு முனையிலும் இருந்தால் திரையில் இரண்டும் பச்சை, ஆனால் வண்டி இழுக்கும். கேம்பர் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். நம் ஊர்ச் சின்ன வண்டிகள் பலவற்றில் கேம்பரையும் காஸ்டரையும் திருகி மாற்ற வழியே இல்லை. அளவு தப்பியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்து நெம்பி அளவைக் கொண்டுவந்துவிடலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். வளைந்த பாகத்தை எதிர்ப்பக்கம் வளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, பாகத்தை மாற்றுவதே சரி.

எல்லாம் சரியாக இருந்தும், இடது திரும்பினால் கொஞ்ச நேரம் இடதுக்கும் வலது திரும்பினால் வலதுக்கும் இழுக்கிறதென்றால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கோ (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் இருப்பது) ஸ்டியரிங் ஜாயின்ட்டோ இறுகியிருக்கலாம். எலெக்ட்ரிக் ஸ்டியரிங் உள்ள சில வண்டிகளில் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் சென்சாரின் நேர்நிலையைப் பதிய வேண்டும், அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், அலைன்மென்ட்டுக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள தாளை வாங்கிக்கொண்டு, கடைக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.