வீட்டுக் கூரை சோலாரை மின் லைனில் இணைக்க விண்ணப்பிப்பது எப்படி?

பேனல் பொருத்துவதிலிருந்து மின் நிறுவனத்திடம் அனுமதி வாங்குவது வரை எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒப்பந்ததாரரே பார்த்துக்கொள்வார். இருந்தாலும் விண்ணப்பத்தில் என்ன எழுதப்படுகிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் நீங்கள்தான் போடப்போகிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். நீங்கள் 5 கிலோவாட் கேட்டு, நிறுவனம் 3 கிலோவாட்டுக்குத்தான் ஒப்புக்கொள்கிறது என்றால், கூரையில் ஏற்றிவிட்ட மீதி பேனல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்பணத்தை மட்டும் கொடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலோ குறைந்தாலோ என்ன ஏற்பாடு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

இதுவரை உங்கள் வீடு மின்சாரம் வாங்கும் இடம். இனி அனுப்பும் இடமும்கூட. லைனில் பழுது என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் லைனுக்குள் வந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் லைனில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் (பேனல் தரும் நேர்மின்சாரத்தை, அதாவது டிசியை, வீட்டிலும் லைனிலும் ஓடும் மாறுமின்சாரமாக, அதாவது ஏசியாக, மாற்றும் கருவி) தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது அடிப்படை விதி. ஐஇஇஇ என்ற மின் பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலை இதற்குத் தரும் அவகாசம் அதிகபட்சம் 2 நொடி. இன்வெர்ட்டர் அப்படிச் செய்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை முறைதான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62116. விண்ணப்பத்தில் இந்தச் சான்றிதழ் கேட்கப்பட்டால் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

இதனால், பேட்டரி இல்லாமல் மின் லைனோடு மட்டும் இணைந்த சாதாரண கிரிட் சோலாரில், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றாது. இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

படி 1: எந்த வழி உங்களுக்கு?

நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர் வரையிலான சிறிய அமைப்பை (சிங்கிள் ஃபேஸில் 3.68 கிலோவாட்) பொருத்திவிட்டு 28 நாளுக்குள் தெரிவித்தால் போதும். அதைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். இந்தியாவில் 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு (லைன் அதைத் தாங்குமா என்று நிறுவனம் பார்ப்பது) தேவையில்லை. ஜெர்மனியில் 800 வாட் வரையிலான இன்வெர்ட்டர் கொண்ட பால்கனி சோலாருக்கு இணையப் பதிவு மட்டும்தான். உங்கள் மின் நிறுவனத்தின் இணையதளத்திலும் இப்படி ஒரு வரம்பு இருக்கும். அதற்குக் கீழே இருக்கிறீர்களா, மேலே இருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். வேலை பாதியாகக் குறையலாம்.

படி 2: பழைய பில்லை எடுங்கள்

அதில் நான்கு விஷயங்கள் வேண்டும்: இணைப்பு எண், யார் பெயரில் இணைப்பு, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு. பெயரில்தான் பலருக்குச் சிக்கல் வரும். வீடு மகன் பெயரில் இருக்கும், இணைப்பு இன்னும் அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு சோலாருக்கு வாருங்கள். பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

படி 3: எத்தனை கிலோவாட் என்று எழுதுவது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒரே அமைப்புக்கு இரண்டு எண்கள் உண்டு. 550 வாட் பேனல் ஆறு போட்டால் டிசி பக்கம் 3.3 கிலோவாட். அதோடு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் சேர்த்தால் ஏசி பக்கம் அதிகபட்சம் 3 கிலோவாட்தான் வெளியே வரும். லைனுக்குள் போவது ஏசி என்பதால் பல நிறுவனங்கள் அதையே கணக்கில் எடுக்கும். சில படிவங்கள் இரண்டையும் கேட்கும். எந்தக் கட்டத்தில் எது என்று நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள். ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 3.3 என்று விளக்கமில்லாமல் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வர அதுவே போதும்.

அளவைத் தீர்மானிக்கும்போது கூரையின் அளவை மட்டும் பார்க்காதீர்கள். ஓராண்டு பில்களில் உள்ள யூனிட்களைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பும் யூனிட், வாங்கிய யூனிட்டில் அப்படியே கழிக்கப்படுகிறதா, அல்லது அதற்குத் தனியாக, குறைந்த விலை தருகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை என்றால் பகலில் நீங்களே பயன்படுத்தும் அளவுக்கு நெருக்கமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

பேட்டரி சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்தால் பல இடங்களில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

படி 4: காகிதங்கள்

அடையாளச் சான்று, வீட்டு உரிமைச் சான்று, பில் நகல், பேனல் மற்றும் இன்வெர்ட்டரின் தொழில்நுட்பத் தாள்கள், சான்றிதழ்கள். பேனலுக்கு ஐஇசி 61215, ஐஇசி 61730 இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் விலைப்பட்டியலில் உள்ள மாடல் எண்ணும் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பொதுக் கூரையைப் பயன்படுத்தச் சங்கத்தின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படும்.

படி 5: சிங்கிள் லைன் டயக்ரம்

பேனலிலிருந்து லைன்வரை எது எதோடு இணைகிறது என்று ஒற்றைக் கோட்டில் காட்டும் படம் இது. எலக்ட்ரீஷியன் வரைந்து தருவார். பார்த்ததும் பயப்பட வேண்டாம். பேனலில் தொடங்கி விரலை வைத்துக்கொண்டே போங்கள்: பேனல், டிசி ஐசொலேட்டர் (இணைப்பைக் கையால் துண்டிக்கும் சுவிட்ச்), இன்வெர்ட்டர், ஏசி பிரேக்கர், ஏசி ஐசொலேட்டர், வீட்டு மெயின் போர்டு, மீட்டர், லைன். வழியில் இடிமின்னல் பாதுகாப்புக்கான எஸ்பிடி என்ற கருவி எங்கே, எர்த்திங் எங்கே இறங்குகிறது என்று குறித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கரின் ஆம்பியரும் வயரின் சதுர மில்லிமீட்டரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏதாவது ஒன்று இல்லை என்றால் அனுப்பும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

படி 6: அனுப்பிய பிறகு

ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பதில் மூன்று விதமாக வரலாம்: சரி என்று, காகிதம் குறைகிறது என்று, அல்லது இவ்வளவு முடியாது என்று.

மூன்றாவது வந்தால் காரணம் பெரும்பாலும் உங்கள் பகுதி ட்ரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு, அல்லது மின்னழுத்தம். பின்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் அனுப்பினால் சுமார் 13 ஆம்பியர் ஓடும். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் வீடுவரை வயரின் மின்தடை போக வர 0.5 ஓம் என்றால், உங்கள் மீட்டரில் மின்னழுத்தம் 6.5 வோல்ட் உயரும். ஏற்கெனவே 248 வோல்ட் இருக்கும் நண்பகலில் அது 254.5 ஆகிவிடும். 230-க்கு 10 சதவீதம் மேலே, அதாவது 253 வோல்ட், என்று வரம்பு வைத்திருக்கும் இடத்தில் இன்வெர்ட்டர் நின்றுவிடும். நல்ல வெயில் நேரத்தில்தான் நிற்கும் என்பது இன்னும் வருத்தம்.

உடனே மனம் தளர வேண்டாம். தடிமனான சர்வீஸ் வயர் போட முடியுமா, த்ரீ ஃபேஸுக்கு மாறலாமா, வெளியே அனுப்பும் அளவை இன்வெர்ட்டரில் கட்டுப்படுத்தினால் ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி வழிக்குச் செலவும் குறைவு.

படி 7: பொருத்துதல், ஆய்வு, மீட்டர்

அனுமதிக் கடிதத்தில் செல்லுபடியாகும் காலம் போட்டிருந்தால் அதற்குள் வேலையை முடியுங்கள். பேனலின் வரிசை எண்களைக் கூரைக்கு ஏற்றும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் பேனலின் பின்பக்கம் இருப்பதால் பொருத்திய பிறகு படிப்பது கஷ்டம். விண்ணப்பித்த மாடல் கிடைக்கவில்லை என்று ஒப்பந்ததாரர் வேறு மாடல் கொண்டுவந்தால், நிறுவனத்துக்குத் தெரிவித்துத் திருத்தம் வாங்கிய பிறகே பொருத்த விடுங்கள்.

அப்புறம் ஆய்வு. எர்த் சோதனை, ஐசொலேட்டர், எச்சரிக்கைப் பலகை, மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் நிற்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். முடிந்ததும் வாங்குவதையும் அனுப்புவதையும் தனித்தனியாகப் பதியும் இருவழி மீட்டர் வரும். பழைய மீட்டரே அதைச் செய்யும் என்றால் அதன் செட்டிங்கை மட்டும் மாற்றுவார்கள்.

அதற்கு முன் ஆசையில் இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள். சில பழைய டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் பயன்படுத்தியதாகவே எண்ணிவிடும்; உங்கள் மின்சாரத்துக்கு நீங்களே பணம் கட்ட வேண்டிவரும். அனுமதியில்லாமல் இயக்கினால் விதிமீறலும்கூட.

புதிய மீட்டர் வந்த அன்றே திரையைப் படம் எடுத்து வையுங்கள். பல டிஜிட்டல் மீட்டர்களில் 1.8.0 என்று வருவது நீங்கள் வாங்கியது, 2.8.0 என்று வருவது அனுப்பியது. முதல் பில் வந்ததும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். அனுப்பிய யூனிட் பில்லில் பூஜ்யம் என்று இருந்தால், பில்லிங் பிரிவில் உங்கள் இணைப்பு இன்னும் சோலாராக மாற்றப்படவில்லை என்று பொருளாக இருக்கலாம். அனுமதிக் கடிதத்தின் நகலையும் மீட்டர் படத்தையும் இணைத்து அன்றே புகார் கொடுங்கள்.