பழைய பிக்கப்பில் டீசல் இன்ஜின் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1970களின் ஃபோர்டு எஃப்-250 போன்ற பெட்ரோல் பிக்கப்களில் கம்மின்ஸ் 6பிடி டீசல் இன்ஜினை ஏற்றுவது பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. வரிசையாக ஆறு சிலிண்டரும் 12 வால்வும் கொண்ட இந்த 5.9 லிட்டர் இன்ஜின், 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்களில் வந்தது. கணினி இல்லாமலே ஓடும் என்பதால்தான் பழைய வண்டிக்காரர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். இந்த வேலை பாதியில் நின்றுபோவதற்கு, இன்ஜினைச் சேஸிஸில் உட்கார வைப்பதில் உள்ள சிரமம் பெரும்பாலும் காரணமல்ல; பழைய பெட்ரோல் இன்ஜின் சேர்த்துச் செய்துவந்த மற்ற வேலைகளை இனி எது செய்யும் என்று முன்கூட்டியே யோசிக்காததே காரணம்.

அவற்றுள் மிக ஆபத்தானது பிரேக். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் என்ற காற்று வால்வு காற்றைத் தடுப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தைக் கொண்டே இயங்குகிறது. இந்த டீசல் இன்ஜினில் திராட்டிலும் இல்லை, வெற்றிடமும் இல்லை. டாட்ஜ் வண்டியில் இதற்கென்றே, இன்ஜின் கியரால் சுழலும் வெற்றிடப் பம்ப் ஒன்று பவர் ஸ்டியரிங் பம்போடு இணைந்திருக்கும். அது இல்லாத இன்ஜினை வாங்கி வந்து, பூஸ்டர் குழாயை எங்காவது செருகிவிட்டு ஓட்டிப் பார்ப்பவரின் காலுக்குக் கீழே பெடல் கல்லாக நிற்கும். வெற்றிடப் பம்ப் வேண்டாமென்றால், ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பூஸ்டரைப் பொருத்தலாம். பாரம் இழுக்கும் வண்டிக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

இதனால்தான் இன்ஜினை மட்டும் தனியாக வாங்குவதைவிட, உடல் துருப்பிடித்துப்போன ஒரு முழு டாட்ஜ் வண்டியை வாங்குவது நல்லது என்று அழுத்திச் சொல்கிறேன். ஃப்ளைவீல், கியர்பாக்ஸை இணைக்கும் தட்டு, ஸ்டார்ட்டர், இன்டர்கூலர், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி வாங்கும்போது, முதலில் மிச்சப்படுத்திய பணம் கரைந்துவிடும்.

இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே முன்பக்க டைமிங் கவரைத் திறந்து பார்க்காமல் விடுவது மற்றொரு பெரிய தவறு. கியர் உறையை இன்ஜின் பிளாக்கோடு நேர்ப்படுத்தும் டவல் பின் (dowel pin) என்ற சிறிய உலோக முளை ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால், பல ஆண்டு அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து டைமிங் கியர்களுக்குள் விழுந்து உறையையே உடைத்துவிடக்கூடும். போல்ட்டோடு சேர்த்து இறுக்கும் சிறு தகடு ஒன்று போதும், பின் நகராது. வண்டிக்குள் ஏற்றிய பிறகு இதே வேலைக்கு ரேடியேட்டரிலிருந்து தொடங்கிக் கழற்ற வேண்டியிருக்கும்.

கியர் விகிதத்தில் ஏமாறுபவர்களும் பலர். இந்த இன்ஜினின் முழு இழுவிசை 1,600 - 1,700 ஆர்பிஎம் அளவிலேயே கிடைத்துவிடும். சுமார் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல், வேகத்துக்கு வரம்பு வைக்கும் கவர்னர் என்ற பாகம் இன்ஜினைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். பழைய பிக்கப்பில் 4.10 விகித டிஃபரன்ஷியலும் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதன் தண்டு 4.10 சுற்றுச் சுற்றும்) 31 அங்குல டயரும் இருந்து, கியர்பாக்ஸில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் இல்லையென்றால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கே ஏறக்குறைய 2,750 ஆர்பிஎம் தேவைப்படும். அதாவது, அந்த வேகத்தை வண்டி எட்டவே திணறும். 1994 முதல் டாட்ஜில் வந்த என்வி4500 ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாம் கியர் விகிதம் சுமார் 0.75 என்பதால், அதே வேகத்தில் 2,100 ஆர்பிஎம்முக்குள் நிதானமாக ஓடும். ஆனால் அந்தப் பெட்டியில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்துவிடும் வழக்கம் உண்டு. பொருத்துவதற்கு முன் அதைச் சரிபார்த்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் விரும்புபவர்கள், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில், பெட்ரோல் இன்ஜினுக்கானதையே வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்பக் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் ‘திராட்டில் வால்வு’ கேபிளின் அளவையும் தோராயமாக விட்டுவிடக் கூடாது, ஏனெனில் உள் அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் விரைவில் கருகிவிடும்.

இன்ஜினின் எடை சுமார் 500 கிலோ என்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும். டீசலை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் ஊசிப் பம்ப், தேவைக்கு மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் என்பதால், டேங்க்குக்குத் திரும்பும் குழாய் ஒன்றும் தேவை. டேங்க்கில் பெட்ரோல் மிச்சம் இருக்கவே கூடாது.

1994 முதல் வந்த பி7100 என்ற ஊசிப் பம்பில், டீசலைத் திறந்து மூடும் மின்காந்தமான ஷட்ஆஃப் சோலனாய்டுக்கு இரண்டு சுருள்கள் உண்டு: லீவரை இழுக்க ஒன்று, பிடித்து வைக்க ஒன்று. இழுக்கும் சுருளுக்கு, ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில நொடிகள் மட்டுமே ரிலே வழியாக மின்சாரம் போக வேண்டும். சாவியோடு நேரடியாக இணைத்தால் கருகிவிடும். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பின் ராக் என்ற தண்டு சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காமல் வேகமெடுக்கும். எனவே, டர்போவின் காற்று வாயை மூடும் அளவுக்குத் தடித்த பலகையோ இரும்புத் தகடோ கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வெறும் கையாலோ துணியாலோ அதை மூட முயலக் கூடாது.