கொலஸ்ட்ரால்: உழைப்பு வீணாகும் இடங்கள்

மூன்று மாதம் முட்டையைத் தொடாமல் இருந்து, ஒரு நாள் விடாமல் காலையில் நடந்து, மறுபடி ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. இப்படி மனம் சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கட்டுப்பாடு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. நடைப்பயிற்சி முக்கியமாகக் குறைப்பது ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடை. முட்டையை நிறுத்துவது பலருக்கு எல்டிஎல்லைச் சொற்ப அளவே இறக்கும். எந்தப் பழக்கம் எந்த எண்ணை அசைக்கும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. அதனால் உடல் அதைப் புரதம் கலந்த துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. அவற்றில் எல்டிஎல் துகள்கள் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றினால் தமனிச் சுவருக்குள் புகுந்து படிகின்றன. அவற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகள் நிறைய இருந்தால் எல்டிஎல் இறங்கும், குறைந்தால் ஏறும். வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. ஓட்ஸ், பருப்பு போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மறுபடி உருவாக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை அது ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரையும் கடைசியில் செய்வது இதைத்தான்: கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைத்து, அது கூடுதல் ஏற்பிகளை வைக்கும்படி செய்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் தவறுகள் ஏன் தவறுகள் என்பது தானாகப் புரியும்.

முட்டையை எண்ணிவிட்டு வெண்ணெயை மறப்பது

ஒரு பெரிய முட்டையில் சுமார் 185 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 14 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11 முதல் 12 கிராம். எல்டிஎல்லைக் குறைக்க வேண்டியவர்களுக்கு நிறைவுற்ற கொழுப்புக்கு அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கும் வரம்பு மொத்தக் கலோரியில் 6 சதவீதத்துக்கும் குறைவு. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது வெறும் 13 கிராம். முட்டையை விட்டவர் ரொட்டியில் தடவும் வெண்ணெயிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

ஒரு நாளைக்கு 300 மி.கி. கொலஸ்ட்ராலுக்கு மேல் உண்ணக் கூடாது என்ற பழைய வரம்பை 2015-2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி கைவிட்டது. பெரும்பாலோருக்கு உணவிலுள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏற்படுத்தும் மாற்றம் சிறியது என்பதே காரணம். அதற்காக முட்டையை வரைமுறையில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகாது. உணவிலிருந்து கொலஸ்ட்ராலை அதிகமாக உறிஞ்சும் உடல்வாகு சிலருக்கு உண்டு, நீரிழிவு உள்ளவர்களும் அளவோடு இருப்பது நல்லது. மற்றவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினையில்லை. அதை எதில் பொரிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

எண்ணெய் புட்டியில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தத்தக்க கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 10 சதவீதம், ஆலிவ் எண்ணெயில் சுமார் 14 சதவீதம். புட்டியைத் திருப்பி, ஊட்டச்சத்து அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியைப் படியுங்கள். மூலப்பொருள் பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்’ என்று இருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அது டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றி, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல்லையும் இறக்கும் கொழுப்பு அது.

நீக்கியதன் இடத்தில் எதை வைத்தீர்கள்?

தவறுகளிலேயே அதிக ஏமாற்றம் தருவது இதுதான், பேசப்படுவதோ மிகக் குறைவு. வயிறு காலியாக இருக்கச் சம்மதிக்காது. ஒன்றை நிறுத்தினால் அந்தக் கலோரிக்கு இன்னொன்று வந்து உட்காரும். வெண்ணெயையும் கொழுப்பு மிகுந்த இறைச்சியையும் விட்டவர் அந்தப் பசியை வெள்ளை ரொட்டி, பிஸ்கட், பழச்சாறு, ‘கொழுப்பு நீக்கிய’ இனிப்புத் தயிர் என்று ஆற்றினால், எல்டிஎல் ஓரளவு குறையலாம். ஆனால் டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும். இதயத்துக்கு மிஞ்சும் லாபம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே கலோரியைச் சூரியகாந்தி, சோயா, கனோலா எண்ணெய்களாலும் பாதாம், அக்ரூட் போன்ற கொட்டைகளாலும் மீனாலும் முழுத்தானியத்தாலும் நிரப்பினால் எல்டிஎல் குறையும், மாரடைப்பு அபாயமும் குறையும்.

‘கொழுப்பு குறைத்தது’ என்ற சொல் அட்டையில் இருந்தாலே எச்சரிக்கையாக இருங்கள். கொழுப்பு போன இடத்தில் சுவைக்காகச் சர்க்கரையோ மாவோ சேர்த்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் இருக்கிறது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி, கிடைக்கும் கலோரி முழுவதையும் வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சியிலிருந்து எடுப்பது. எடை குறையும், டிரைகிளிசரைடும் இறங்கும். ஆனால் சிலருக்கு, அதிலும் ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களுக்கு, எல்டிஎல் சரசரவென்று மேலே போகும். எடை குறைந்த மகிழ்ச்சியில் அந்த எண்ணைப் புறக்கணிக்காதீர்கள். மாவுச்சத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், கொழுப்பை எண்ணெய், கொட்டை, மீன் பக்கம் திருப்புங்கள்.

நல்ல உணவு, போதாத அளவு

ஓட்ஸ் எல்டிஎல்லைக் குறைக்கும் என்பது உண்மை. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராமாவது வேண்டும். அதற்கு வேகவைக்காத ஓட்ஸ் சுமார் 75 கிராம் தேவை. இரண்டு கரண்டியைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. வேகவைத்த பருப்பு, பயறு, கொண்டைக்கடலை வகைகள் நாளுக்கு 130 கிராம் அளவில் எல்டிஎல்லைச் சுமார் 5 சதவீதம் குறைக்கும். இசப்கோல் உமி என்றால் நாளுக்கு 7 முதல் 10 கிராம். 3 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். ஒவ்வொரு வேளையும் முழு டம்ளர் தண்ணீர் கட்டாயம், தண்ணீர் போதாவிட்டால் உமி தொண்டையிலேயே பெருத்து அடைத்துக்கொள்ளலாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கொட்டைகள் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். அதில் சுமார் 170 கலோரி இருப்பதால், நொறுக்குத்தீனிக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இவற்றை ஒவ்வொன்றாகச் செய்தால் பலன் சிறிது. சேர்த்துச் செய்தால் பெரிது. டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் தாவரப் பொருள்) அனைத்தையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில் ஒரே மாதத்தில் எல்டிஎல் சுமார் 29 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்ட ஸ்டாட்டின் மாத்திரைக் குழுவில் 31 சதவீதம். அந்த மாதம் பங்கேற்றவர்களுக்கு உணவே ஏற்பாடு செய்து தரப்பட்டது. பிறகு 2011இல், மக்கள் ஆலோசனை மட்டும் பெற்றுத் தாங்களே உணவைப் பார்த்துக்கொண்டபோது, ஆறு மாதத்தில் குறைந்தது சுமார் 13 சதவீதம். அன்றாட வாழ்க்கையில் உணவு தரக்கூடியதை இந்த இரண்டாவது எண்ணை வைத்து எதிர்பார்ப்பதே நியாயம்.

நடையிடமும் எச்டிஎல்லிடமும் அதிகம் கேட்பது

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு எல்லாவற்றுக்கும் நல்லது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு வரை இறங்கும். எல்டிஎல் மட்டும் உடற்பயிற்சிக்கு அவ்வளவாக மசியாது. அது இறங்கவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள், நடக்கிறோமே என்று தட்டில் கவனம் விட்டுவிடவும் வேண்டாம்.

எச்டிஎல் கதை இன்னும் வேறு. அதை ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று பெயரிட்டு, ஏற்றினால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எச்டிஎல்லைக் கணிசமாக ஏற்றிய டோர்செட்ரபிப் என்ற மருந்தின் ஆய்வு, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. உயர்ந்த எச்டிஎல் உயர்ந்த எல்டிஎல்லை ஈடுகட்டிவிடாது. எச்டிஎல்லுக்காக மது அருந்துவது அதைவிடப் பெரிய பிழை: மது டிரைகிளிசரைடை ஏற்றும், அது 500 மி.கி./டெ.லி.யைத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. புகையை விட்டால் எச்டிஎல் தானாகவே ஓரளவு கூடும்.

வடிகட்டாமல் காய்ச்சிய காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் தங்கி எல்டிஎல்லைக் கூட்டும். நாளுக்குப் பல கோப்பை குடிப்பவர்கள் காகித வடிகட்டிக்கு மாறினால் போதும்.

அறிக்கையைத் தவறாகப் படிப்பது

இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் மொத்தக் கொலஸ்ட்ரால் 240, எச்டிஎல் 80. இரண்டாமவரின் மொத்தம் 190, எச்டிஎல் 30. முதலாமவர் தன் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார், இரண்டாமவர் 200க்குள் இருக்கிறது என்று நிம்மதியாகிறார். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் இருவருக்குமே 160. தமனியில் படியக்கூடிய துகள்கள் அனைத்தும் சுமக்கும் கொலஸ்ட்ரால் அதுதான். இந்தக் கழித்தல் உங்கள் கையிலேயே இருக்கிறது, ஒவ்வொரு அறிக்கையிலும் செய்து பாருங்கள். பொதுவாக எல்டிஎல்லுக்கு மருத்துவர் சொன்ன இலக்கோடு 30ஐக் கூட்டினால் இந்த எண்ணுக்கான இலக்கு வரும்.

எல்டிஎல்லைப் பல ஆய்வகங்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகின்றன. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு பிசகும், 400ஐத் தாண்டினால் செல்லாது. டிரைகிளிசரைடு ஏற்கெனவே அதிகம் என்றால் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ரத்தம் கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். மற்றவர்களுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. வெளிநாட்டு அறிக்கையில் 3.4 போன்ற சிறிய எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். அது மில்லிமோல்/லிட்டர் என்ற வேறு அலகு, கொலஸ்ட்ரால் எண்ணை 38.7ஆல் பெருக்கினால் நம் மி.கி./டெ.லி. அலகில் சுமார் 132 என்று வரும்.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பின் சில வாரங்கள் எல்டிஎல் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே ஏறும். நோய் நொடி எதுவும் இல்லாதபோதும் ஒரே ஆளின் எண் 5 முதல் 10 சதவீதம் ஏறி இறங்கும். ஆகவே 132இலிருந்து 126 ஆனதை வெற்றியாகவும் 138 ஆனதைத் தோல்வியாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவை மாற்றி 6 முதல் 12 வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில், முன்பு இருந்த அதே நிலையில் பாருங்கள். காரணம் தெரியாமல் எல்டிஎல் ஏறியிருந்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தைராய்டு மந்தமானால் கல்லீரல் ஏற்பிகளும் மந்தமாகும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஓட்ஸ் சாப்பிட்டாலும் பயன் குறைவு.

எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

எல்டிஎல் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும். தசைவலி வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்க்கலாம். ‘இயற்கையானது’ என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: அதில் வேலை செய்யும் மொனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தின் அதே மூலக்கூறு. புட்டிக்குப் புட்டி அளவு மாறும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் நஞ்சு கலந்திருப்பதும் உண்டு. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃபுரூட் சாற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ‘முதலில் மூன்று மாதம் உணவால் முயன்று பார்க்கிறேன்’ என்று காத்திருக்கக் கூடாது. அவருக்கு ஐரோப்பிய வழிகாட்டியின் இலக்கு 55க்கும் கீழே. 150இலிருந்து 13 சதவீதம் இறங்கினால் 130தான் வரும். உணவும் மாத்திரையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால், உணவின் மேல் மட்டும் பழிபோடாதீர்கள். ஏற்பிகள் பிறவியிலேயே குறைந்திருக்கும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதற்கு வலியோ களைப்போ கிடையாது. சிலருக்கு மட்டும் குதிகால் தசைநாணில் தடிப்போ, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையமோ தெரியும். ஒல்லியாக, சைவமாக, சுறுசுறுப்பாக இருப்பவருக்கும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அதனால் அறிக்கையில் 190 என்று பார்த்த அன்றைக்கே உடன்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சிறு வயதிலேயே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பாருங்கள்.