சைக்கிள் சாம்பியன் டிரம்ப் கார்டு: வீட்டிலேயே ஒரு கட்டு

கார்டு அளவு 63 × 88 மி.மீ. ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். நாலு தாளில் 36. படத்தை இருமடங்கு அளவில் வரைந்து சுருக்குங்கள், கோடு கூர்மையாக விழும். வேலூர் கலர் ஜெராக்ஸ் கடையில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் போர்டில் லேசர் பிரிண்ட் கேளுங்கள். இங்க்ஜெட் மை வழவழப்பில் ஈஷிக்கொள்ளும். பின்பக்கத்துக்கு பார்டர் வேண்டாம். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் எந்தக் கார்டு என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவார்.

ஆட்டத்தின் உயிர் எண்களில்தான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டம் மட்டும் போட்டால் மெர்க்ஸ், இனோ, ஆங்க்தீல், இந்துரைன் நால்வருக்குமே 5. ஸ்டேஜ் (பந்தயத்தின் ஒரு நாள் பகுதி) வெற்றிகளையும் சேருங்கள்: முறையே 34, 28, 16, 12. பட்டமே இல்லாத கேவண்டிஷ் 35 வைத்து மெர்க்ஸையே வெட்டுவார். அவர் இல்லாத கட்டு சப்பென்றிருக்கும்.

லேமினேஷன் இருபக்கமும் போடுங்கள். ஒருபக்கம் மட்டும் போட்டால் கத்திரி வெயிலில் அப்பளமாகச் சுருளும்.