உங்கள் சட்டத்தரணி மீது முறைப்பாடு செய்ய வேண்டுமா? திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வழக்குத் தோற்றுப்போனது என்பதற்காகச் சட்டத்தரணி மீது முறைப்பாடு கொடுக்க முடியாது. காசு வாங்கிவிட்டுத் தவணைக்கு வராமல் விடுவது, கொடுத்த காணி உறுதியைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது, எதிர்த்தரப்போடு சேர்ந்துகொள்வது, பொய்ப் பத்திரம் செய்வது, இவைதான் முறைப்பாட்டுக்கு உரியவை. மூதூரில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் விடிய பஸ் ஏறி வந்து, “தவணை போட்டாச்சு, போங்கோ” என்ற ஒரே பதிலோடு மாதக்கணக்கில் திரும்பிப் போகிற சனம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எழுத முன்னம் வழக்கேட்டைப் பாருங்கள். வழக்கு இலக்கத்தைப் போட்டு நீதிமன்றப் பதிவாளருக்கு விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். யார் தோன்றினார், யார் தவணை கேட்டார், என்ன கட்டளை என்று திகதி வாரியாக அதில் கிடக்கும். “நீதவான் லீவு” என்று உங்களுக்குச் சொன்ன நாளில் உங்கள் சட்டத்தரணியே தவணை கேட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். இதைவிடப் பலமான சான்று உங்களுக்குக் கிடைக்காது. காசு கொடுத்த பற்றுச்சீட்டு, வங்கித் துண்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் கூடவே சேர்த்து வையுங்கள்.

சரி, எங்கே அனுப்புவது? சட்டத்தரணிகள் சங்கத்திடம் முறையிடலாம், அவர்கள் விசாரிப்பார்கள். ஆனால் ஒருவரைத் தொழிலில் இருந்து இடைநிறுத்தவோ நீக்கவோ 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம், அதுவும் மூன்று நீதியரசர்கள் சேர்ந்து இருந்து. அதனால் பெரிய விஷயம் என்றால் பிரதம நீதியரசருக்கே எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி, தமிழிலேயே எழுதலாம். நடந்ததைத் திகதியோடு சுருக்கமாகச் சொல்லி, திட்டு ஒன்றும் சேர்க்காமல், சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியையும் வைத்துப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். மூலப் பத்திரங்களை மட்டும் அனுப்பவே வேண்டாம், பிரதி போதும். எழுத உதவி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

காணி உறுதியில் பிழை என்றால் வழி வேறு. நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குக் கொடுக்க வேண்டும். நிலாவெளிப் பக்கம் காணி வாங்கியவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள், அந்தப் பிரதி அங்கே போய்ச் சேர்ந்திருக்காவிட்டால் பதிவாளர் நாயகத்திடம் முறையிடுங்கள். மோசடியே நடந்திருந்தால் பொலிஸிலும் சொல்ல வேண்டும்.

அப்புறம், முறைப்பாடு கொடுத்துவிட்டோம் என்று வழக்கைக் கைவிட்டுவிடாதீர்கள், அது தன்பாட்டில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிவில் வழக்கில் நீங்கள் கையொப்பமிட்ட புரொக்ஸியை (உங்களுக்காகத் தோன்ற அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) நீதிமன்ற அனுமதியோடு இரத்துச் செய்யும்வரை பழைய சட்டத்தரணிதான் பதிவில் இருப்பார், ஆகவே புதியவரைப் பிடித்த உடனேயே அடுத்த தவணைக்கு முன் அந்த விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள்.