நீல இலையும் காணாமல் போன எழுத்தும்: பழைய சாம்ப்ளர்களைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

சாம்ப்ளர் என்பது பூ, கொடி, எழுத்து என்று பலவற்றை மாதிரிக்காகத் தைத்து வைத்த பூவேலைத் துணி. பழைய ஆங்கிலேய சாம்ப்ளர் ஒன்றைப் படத்தில் பார்த்து, அதிலிருந்த கொடியை கிராஸ் ஸ்டிட்சில் (பெருக்கல் குறி போன்ற தையலில்) போட்டு முடித்தேன். இலைகள் நீலமாக இருந்தன. நானும் நீல நூலையே கோத்தேன். என்ன கற்பனை என்று மெச்சிக்கொள்ளவும் செய்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்துப் பச்சை, நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எடுத்த நிறம். வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் வெளுத்துவிடும், நீலம் தங்கிவிடும். துணியைப் புரட்டினால் பின்புறத்தில் அதே இலை பல நேரம் பச்சையாகவே இருக்கும். முன்புறத்தை மட்டும் பார்த்து நிறத்தை நம்பக் கூடாது.

சாம்ப்ளர் என்றாலே சிறுமிகளின் பள்ளிக்கூடப் பயிற்சி என்று நினைப்பது இன்னொரு தவறு. 18, 19ஆம் நூற்றாண்டுத் துணிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அதற்கு முந்தையவற்றில் பல, வேலை தெரிந்த பெண்களின் கைக்குறிப்புகள். நம் வீட்டுக் கோல நோட்டைப் போல. எங்கோ கண்ட பூவை மறக்காமலிருக்கப் போட்டு வைத்தார்கள். ஒரு பூ பாதியில் நின்றால் உடனே அரைகுறை வேலை என்று சொல்லிவிடாதீர்கள். பாதி தெரிந்தால் மீதியைத் தைத்தவளுக்குப் போடத் தெரியும்.

ஆண்டு குறித்த ஆங்கிலேய சாம்ப்ளர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது, ஜேன் போஸ்டாக் 1598இல் தைத்தது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 1596 என்ற ஆண்டும் உண்டு: ஆலிஸ் லீ என்ற குழந்தை நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிறந்த செய்தி அது. துணியில் காணும் ஆண்டெல்லாம் தைத்த ஆண்டு ஆகிவிடாது. அதில் தைத்த ஆங்கில எழுத்து வரிசையில் ஜேயும் (J) யுவும் (U) கிடையாது. மறந்துவிட்டாளே என்று பரிதாபப்பட வேண்டாம். அன்றைக்கு ஐயும் (I) ஜேயும் ஒரே எழுத்து, யுவும் வியும் (V) ஒரே எழுத்து.

17ஆம் நூற்றாண்டின் நீளத் துணிகளில், கையைத் தூக்கியபடி வரிசையாக நிற்கும் குட்டி ஆண்களுக்கு ‘குத்துச்சண்டைக்காரர்கள்’ என்று பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். பெயரை நம்பிச் சண்டைக் காட்சி என்று விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. கையில் இருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: காதலிக்கு நீட்டும் பரிசு! காதலி எங்கே? ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டுப் போட்டு, அவள் பக்கத்தில் நிற்கும் செடியாகிவிட்டாள்.

பழைய துணி கிடைத்தால் துவைக்கவே துவைக்காதீர்கள், சாயம் ஓடிவிடும். கறுப்பு நூல் உதிர்ந்திருந்தால் பூச்சியின்மேல் பழி போடும் முன் சாயத்தைச் சந்தேகியுங்கள். அதில் சேர்த்த இரும்பே நூலை அரித்துவிடும்.

ஆண்டின் கடைசி எண்கள் மட்டும் காணவில்லையா? தைத்தவளே, வயதான பிறகு, வயதை மறைக்கப் பிரித்து எடுத்திருக்கலாம். அங்கே புது நூல் போட்டு நிரப்பிவிடாதீர்கள். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் ஊசித் துளைகளிலேயே சில நேரம் எண் தெரியும்.