சிங்கப்பூருக்கு வரும் பேராசிரியர்கள் வாடகை வீட்டில் விடும் கோட்டை

ஆகஸ்டிலும் ஜனவரியிலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஊரிலிருந்து வருகைதரு பேராசிரியர்கள் வந்து இறங்குவார்கள். பூன் லேயில் ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதியைப் பார்த்ததுமே அங்கேயே வீடு தேடத் தொடங்குவார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். இடத்தில் குறையில்லை. எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே, 179 அல்லது 199 எண் பேருந்தில் ஏறினால் வளாகத்துக்குள் இறங்கிவிடலாம். பிளக், குடை மாதிரி சங்கதிகளை எல்லாரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். நம்மவர்கள் கோட்டை விடுவது கீழே உள்ளவற்றில்தான்.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பத்து மாத நியமனத்தில் வந்த நண்பர் ஒருவரிடம் ஏஜென்ட் சொன்னார்: "சார், ரெண்டு வருஷம்னு போட்டா வாடகை குறையும். டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கு, வேலை முடிஞ்சா கிளம்பிடலாம்." நண்பரும் நம்பிவிட்டார்.

டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) என்பது ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொள்ள வழிவிடும் பிரிவு. அது வழக்கமாக முதல் 12 மாதம் கழித்துத்தான் செல்லும். அதற்குமேல் 2 மாத முன்னறிவிப்பு வேறு. ஆக, 14 மாத வாடகைக்கு நீங்கள் பொறுப்பு. பத்து மாதத்தில் ஊர் திரும்புகிறவருக்கு அது எதற்கு? போதாததற்கு, வேலை போனால் அல்லது வேறு நாட்டுக்கு மாற்றினால் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். நியமனம் தானாக முடிவது அதில் சேருமா என்பதை வீட்டுக்காரர் தன் வசதிப்படிதான் வாசிப்பார். ஏஜென்டுக்கு அவர் கொடுத்த தரகில் மீதிக் காலத்துக்கான பங்கை உங்களிடம் வசூலிக்கும் வரியும் எங்காவது இருக்கும். நண்பரின் இரண்டு மாத டெபாசிட் திரும்பவே இல்லை. ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பையும் விடாத மனிதர், ஒப்பந்தத்தை மட்டும் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்!

நியமனம் எத்தனை மாதமோ ஒப்பந்தமும் அத்தனை மாதம்தான். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தனியார் வீட்டை 3 மாதத்துக்குக் குறைவாகவும், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது. வீவக வீடென்றால் உங்கள் வேலை அனுமதியிலும் குறைந்தது 6 மாதம் மீதமிருக்க வேண்டும். ஒரே செமஸ்டருக்கு வருபவர்கள் ஊரிலிருந்து கிளம்புமுன்பே வளாகக் குடியிருப்பைக் கேட்டுவிடுவது நல்லது.

முத்திரைத் தீர்வையும் வாடகைக்கு வருபவர் தலையில்தான்: மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் இரண்டு ஆண்டுக்கு 288 வெள்ளி. அப்புறம், வீவக வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது என்பது விதி. டெபாசிட்டை நேராக வீட்டுக்காரர் கணக்கில் போடுங்கள்.

ஏசி சர்வீஸ் ரசீதைத் தொலைப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் செலவில். ரசீது இல்லையென்றால் அதையும் டெபாசிட்டில் கழிப்பார்கள்.

183 நாளைக் கணக்கில் எடுக்காதது

ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மட்டும் இருந்தால் 183 நாள் தேறாது, வரிக் கணக்கில் நீங்கள் வெளியாள். சம்பளத்தில் குறைந்தது 15 சதவீதம் போகும், கழிவு எதுவும் கிடையாது. மே வரை தொடர்ந்து வேலை செய்பவருக்கு இரண்டு ஆண்டும் சேர்ந்து 183 நாள் தேறிவிடும். உள்ளூர்வாசிக்கான விகிதமே பொருந்தும். சேரும் தேதியைப் பேசும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டைத் தட்டாமல் பேருந்திலிருந்து இறங்குவது

கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போகும்.

சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விடுவது

அபராதம் உண்டு. எடுத்து வையுங்கள்.

ஞாயிறு மாலை கடைத்தொகுதிப் பக்கம் போகாமலிருப்பது

கூட்டம் என்று பலர் ஒதுங்குவார்கள். நான் போவேன். துவாஸ், ஜூரோங் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பிகள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப இந்த வாரம் எந்தக் கடையில் ரேட் நல்லது என்று அவர்களிடம் கேளுங்கள். எங்கள் துறையில் ஒருத்தருக்கும் அது தெரியாது.